இரவல் சொற்களில் மெய்க்காதல்: ஆங்கிலச் சானெட்டுகள் ஓர் அறிமுகம்

ஆங்கிலக் காதல் கவிதை என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது ஷேக்ஸ்பியரின் 18ஆம் சானெட்தான். 2000களில் எஸ்.பி.எம். ஆங்கிலப் பாடத்தின் இலக்கியப் பகுதியில் அது இடம்பெற்றிருந்ததால், இந்நாட்டில் இடைநிலைப்பள்ளியை முடித்த ஒரு தலைமுறையே அதை ஒரு முறையேனும் படித்திருக்கும். படித்தவர்களில் பலர் தேர்வு முடிந்ததும் அதை மறந்தும் இருப்பர். ஒருவரின் அழகைப் புகழும் பழங்காலக் கவிதை, அவ்வளவுதான் என்று தோன்றியிருக்கும்.

ஆனால் சானெட் என்பது வெறும் புகழ்ச்சிப் பாட்டன்று. புகழ்ச்சியின் உடையை அணிந்துகொண்டு வரும் ஒரு வழக்காடல் அது. எல்லாரும் சொல்லிச் சொல்லித் தேய்ந்துபோன சொற்களைக் கொண்டு, என் காதல் மட்டும் மெய் என்பதை எப்படிச் சொல்வது? இந்தக் கேள்விதான் மூன்று நூற்றாண்டுகளுக்கும் மேலாக ஆங்கிலச் சானெட் கவிஞர்களை விடாமல் துரத்தியது. யாரோ எழுதிய வரிகளை வாழ்த்து அட்டையிலும் குறுஞ்செய்தியிலும் அனுப்பிவிட்டு, அவை நம் உள்ளத்தைச் சொல்லும் என்று நம்பும் நமக்கும் இக்கேள்வி புதியதன்று. அந்த வகையில் சில சிறந்த சானெட்டுகளை அறிமுகப்படுத்துவதே இக்கட்டுரையின் நோக்கம்.

சானெட் என்றால் என்ன?

சானெட் பதினான்கு அடிகளைக் கொண்ட பாவகை. 'சிறிய ஒலி', 'சிறிய பாட்டு' எனப் பொருள்படும் இத்தாலியச் சொல்லிலிருந்து இப்பெயர் வந்தது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் முற்பகுதியில், சிசிலித் தீவில் பேரரசர் இரண்டாம் பிரெடரிக்கின் அவையில் இது தோன்றியது. ஆவணங்கள் எழுதும் அதிகாரியாக அங்குப் பணிபுரிந்த ஜியாகோமோ ட லெந்தினி என்பவரே இதனை முதலில் உருவாக்கியவர் எனக் கருதப்படுகிறது. சட்ட மொழியில் பழகிய ஒருவரின் கையில் பிறந்ததாலோ என்னவோ, வாதம் செய்வது சானெட்டின் இயல்பாகவே அமைந்துவிட்டது.

ஆங்கிலச் சானெட்டின் ஓர் அடியில் பெரும்பாலும் பத்து அசைகள் இருக்கும். மென்மையாக ஒலிக்கும் ஓர் அசை, அழுத்தி ஒலிக்கும் ஓர் அசை என இணை இணையாக ஐந்து முறை வரும். நம் யாப்பில் குறில், நெடில், ஒற்று ஆகியவற்றைப் பார்த்து அசை பிரிக்கிறோம். ஆங்கிலத்தில் குரல் எங்கே அழுந்துகிறது என்பதே கணக்கு. அதுபோல நம் செவி அடியின் தொடக்கத்தில் எதுகையைத் தேடும்; ஆங்கிலச் செவி அடியின் இறுதியில் இயைபைத் தேடும்.

இயைபு அமையும் முறையைக் கொண்டு சானெட்டை இரண்டு பெரும் பிரிவுகளாகப் பார்க்கலாம். இத்தாலிய முறையில் முதல் எட்டு அடிகள் ஒரு பகுதி, அடுத்த ஆறு அடிகள் மற்றொரு பகுதி. எட்டு அடிகளும் இரண்டே இயைபுகளில் 'கசசக கசசக' என்று அமையும். இத்தாலிய மொழியில் பெரும்பாலான சொற்கள் உயிரொலியில் முடிவதால் இயைபுச் சொற்களுக்குப் பஞ்சமில்லை. ஆங்கிலத்தில் அப்படியன்று, ஒரே ஒலியில் முடியும் நான்கு சொற்களைத் தேடுவதற்குள் கவிஞன் களைத்துவிடுவான். எனவே ஆங்கிலக் கவிஞர்கள் 'கசகச, டதடத, பமபம, யய' என்று ஏழு இயைபுகளாகப் பிரித்துக்கொண்டனர். நான்கு நான்கு அடிகளாக மூன்று பகுதிகள், இறுதியில் இரண்டடி முத்தாய்ப்பு. இதனையே ஷேக்ஸ்பியர் முறை என்பர்.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது 'திருப்பம்'. சானெட்டின் ஒன்பதாம் அடியிலோ, இறுதி ஈரடியிலோ எண்ணம் திசை மாறும். 'ஆனால்', 'இருந்தும்' போன்ற ஒரு சொல் வந்து, அதுவரை கட்டியெழுப்பிய வாதத்தைப் புரட்டிப் போடும். இதற்கு மைக்கேல் டிரேட்டன் 1619இல் வெளியிட்ட தொகுப்பிலுள்ள பிரிவுக் கவிதை நல்ல எடுத்துக்காட்டு. முதல் எட்டு அடிகளில் அவன் உறவை முறித்துக்கொள்கிறான். பிரிவதில் தனக்கு மகிழ்ச்சியே என்கிறான். கொடுத்த உறுதிமொழிகளை எல்லாம் இரத்து செய்கிறான். பேச்சு அத்தனை தெளிவு, அத்தனை உறுதி. ஒன்பதாம் அடியில் குரல் உடைகிறது. காதல் என்பவன் சாகக் கிடக்கிறான். நம்பிக்கை அவன் படுக்கையருகே மண்டியிட்டிருக்கிறது. அவள் மனம் வைத்தால் இந்த நொடியில்கூட அவனைப் பிழைக்க வைத்துவிடலாம் என்று கவிதை முடிகிறது. முதல் எட்டு அடிகளின் வீராப்பு முழுவதும் நடிப்பு என்பதை அவனே ஒப்புக்கொள்வதில்லை; திருப்பம்தான் அவனைக் காட்டிக்கொடுக்கிறது.

இத்தாலியிலிருந்து வந்த இரவல்

காதல் சானெட்டுக்கு ஐரோப்பா முழுதும் இலக்கணம் வகுத்தவர் இத்தாலியக் கவிஞர் பெட்ரார்க் (1304–1374). 1327ஆம் ஆண்டு ஏப்ரல் 6ஆம் நாள், அவிஞோன் நகரத்துத் தேவாலயம் ஒன்றில் லாரா என்ற பெண்ணை முதன்முதலில் கண்டதாகத் தம் நூற்பிரதி ஒன்றில் அவரே குறித்து வைத்துள்ளார். 1348இல், அதே ஏப்ரல் 6ஆம் நாளில் அவள் இறந்ததாகவும் அக்குறிப்பு கூறுகிறது. அவருடைய 'கன்சோனியேரே' தொகுப்பிலுள்ள 366 கவிதைகளில் 317 சானெட்டுகள். அவற்றுள் பெரும்பாலானவை லாராவைப் பற்றியவை.

கைக்கு எட்டாத பெண், அவளுடைய பொற்கூந்தல், ஒளிவீசும் கண்கள், பனியிலும் நெருப்பிலும் ஒருசேரத் துடிக்கும் காதலன் என்ற வாய்பாடு பெட்ரார்க்கிடமிருந்தே பரவியது. அவரிடம் அது வாழ்ந்து கண்ட துயரம். பின்வந்தவர்களுக்கோ அது எடுத்து அணிந்துகொள்ளக்கூடிய ஆயத்த ஆடை. இரவல் என்ற சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது.

இங்கிலாந்துக்குச் சானெட்டைக் கொண்டுவந்தவர் சர் தாமஸ் வயட் (1503–1542). எட்டாம் ஹென்றி மன்னரின் தூதராக 1527இல் இத்தாலிக்குச் சென்றவர். பெட்ரார்க்கைத் தழுவி அவர் எழுதிய ஒரு சானெட்டைப் பார்ப்போம். மூலத்தில் வெண்ணிறப் பெண்மான் ஒன்று கனவுக் காட்சிபோல் தோன்றி மறைகிறது. வயட்டின் கையில் அது வேட்டைக்களமாகிவிடுகிறது. துரத்தித் துரத்திக் களைத்த ஒருவன், இந்த மான் எவருக்கும் கிட்டாது, அதன் கழுத்துப் பட்டையே அது பேரரசனுக்கு உரியது என்று சொல்கிறது என்கிறான். அரசி ஆன் பொலினை மனத்தில் வைத்தே இது எழுதப்பட்டது எனப் பலர் கருதுகின்றனர். 1536இல் ஆன் பொலின் தலை துண்டிக்கப்பட்டபோது வயட்டும் லண்டன் கோபுரச் சிறையில் இருந்தார் என்பது வரலாறு. இத்தாலியிலிருந்து வாங்கிய உருவகம், ஆங்கில அரசவையில் உயிருக்கு ஆபத்தான உண்மையைச் சொல்லும் கருவியாகிவிட்டது. இரவல் பொருள் சொந்தமாகிய முதல் இடம் இது எனலாம்.

வயட்டின் இளைய சமகாலத்தவரான சர்ரி பிரபு ஹென்றி ஹோவர்டுதான் மேலே கண்ட மூன்று நான்கடி, ஓர் ஈரடி அமைப்பை நிலைபெறச் செய்தார். 1547இல் அவரும் மன்னரின் சினத்துக்கு ஆளாகிக் கொல்லப்பட்டார். இருவரின் கவிதைகளும் கையெழுத்துப் படிகளாகவே அரசவையில் உலவின. 1557இல் ரிச்சர்ட் டோட்டல் அவற்றைத் தொகுத்து அச்சிட்ட பிறகே பொதுமக்கள் கைக்கு வந்தன.

சிட்னியும் ஸ்பென்சரும்

1591இல் சர் பிலிப் சிட்னியின் 'அஸ்ட்ரோபில் அண்ட் ஸ்டெல்லா' அச்சேறியதும் இங்கிலாந்தில் சானெட் மோகம் பற்றிக்கொண்டது. போர்க்களத்தில் பட்ட காயத்தால் 1586இல் சிட்னி இறந்துவிட்டார். அந்நூலின் அச்சுப் பிரதியை அவர் காணவில்லை. அதில் 108 சானெட்டுகள் உள்ளன. ஸ்டெல்லா என்றால் விண்மீன். அஸ்ட்ரோபில் என்றால் விண்மீனை நேசிப்பவன். 1581இல் ரிச் பிரபுவை மணந்த பெனலோப்பி டெவரோ என்ற பெண்ணே ஸ்டெல்லா என்று கூறுவர்.

இத்தொகுப்பின் முதல் கவிதையே நம் கேள்வியை நேராகக் கேட்கிறது. காதலியின் மனத்தைக் கரைக்கும் சொற்களைத் தேடி அஸ்ட்ரோபில் பிறருடைய ஏடுகளைப் புரட்டுகிறான். எழுத்து வர மறுக்கிறது. எழுதுகோலைக் கடித்துக்கொண்டு தவிக்கிறான். அப்போது கவிதைத் தேவி அவனைக் கடிந்துகொண்டு, சொல் ஏட்டில் இல்லை, உன் உள்ளத்தில் தேடு என்கிறாள். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. பிறரைப் பார்த்து எழுதாதே என்ற இந்த அறிவுரையைச் சிட்னி சொல்வதே பிறரிடமிருந்து பெற்ற சானெட் வடிவத்தில்தான். வடிவத்தைத் துறக்க முடியாது. அதனுள் நின்றுகொண்டே நேர்மையாக இருக்க வேண்டும் என்பதை அவர் நன்றாகவே அறிந்திருந்தார்.

எட்மண்ட் ஸ்பென்சர் வேறொரு மரபை மீறினார். பெட்ரார்க்கின் வழியில் காதலி கைக்கு எட்டாதவள். ஸ்பென்சரோ தாம் மணக்கவிருந்த எலிசபெத் பாயில் என்ற பெண்ணையே பாடினார். 1594இல் திருமணம் நடந்தது. 1595இல் 89 சானெட்டுகள் கொண்ட 'அமொரெட்டி' வெளிவந்தது. அதன் 75ஆம் கவிதையில், கடற்கரை மணலில் அவள் பெயரை எழுதுகிறான் காதலன். அலை வந்து அழிக்கிறது. மறுபடி எழுதுகிறான்; மறுபடி அழிகிறது. இங்கே காதலி வாய் திறக்கிறாள் என்பதே சிறப்பு. அழியப்போகும் ஒன்றை நிலைக்க வைக்க முயல்வது வீண்வேலை, நானும் ஒருநாள் இப்படித்தான் அழிவேன் என்கிறாள். கவிதையில் உன்னை நிலைக்கச் செய்வேன் என்பது அவன் பதில். கடைசிச் சொல் அவனுடையதுதான். ஆனாலும் அவளுடைய மறுப்பில் இருக்கும் உண்மை நம் மனத்தில் தங்கிவிடுகிறது.

ஷேக்ஸ்பியர்: புகழ மறுக்கும் காதல்

ஷேக்ஸ்பியரின் 154 சானெட்டுகள் 1609இல் நூலாக வெளிவந்தன. பொதுவாக முதல் 126 பாடல்கள் ஓர் அழகிய இளைஞனை நோக்கியும், 127 முதல் 152 வரையுள்ளவை கருநிறக் கண்களும் கூந்தலும் உடைய ஒரு பெண்ணை நோக்கியும் அமைந்துள்ளதாகப் பிரிப்பர். இறுதி இரண்டும் காதல் தேவன் கியூபிட்டைப் பற்றியவை. 1640இல் இவற்றை மறுபதிப்புச் செய்த ஜான் பென்சன், வரிசையைக் கலைத்ததோடு சில இடங்களில் ஆணைக் குறிக்கும் சொற்களைப் பெண்ணைக் குறிப்பனவாகவும் மாற்றினார். பள்ளியில் நாம் படித்த 18ஆம் சானெட் பெண்ணைப் பற்றியது என்று பலர் எண்ணினாலும், அது இளைஞனைப் பாடும் வரிசையிலேயே உள்ளது.

அந்தப் பாடலில் நம்மை முதலில் தடுமாறச் செய்வது 'கோடை'. ஆண்டு முழுவதும் வெயிலில் வாடும் நமக்கு, ஒருவரைக் கோடைக்கு ஒப்பிட்டால் ஏசுவதாகவே தோன்றும். குளிரும் மழையும் மிகுந்த இங்கிலாந்தில் கோடைதான் இனிய பருவம். அதுவும் சில வாரங்களில் முடிந்துவிடும். இதை நினைவில் கொண்டால் கவிதை விளங்கும். கவிஞர் உலகிலேயே இனிய ஒன்றை எடுத்து, அதுவும் போதாது என்று வாதிடுகிறார். காற்று மலர்களை அலைக்கிறது, வெயில் ஒருநாள் சுடுகிறது, ஒருநாள் மங்குகிறது, பருவமோ விரைந்து ஓடுகிறது. ஒன்பதாம் அடியில் திருப்பம்: உன் கோடை மட்டும் மங்காது, ஏனெனில் நீ இந்தக் கவிதைக்குள் இருக்கிறாய்.

இப்போது ஒரு கேள்வியைக் கேட்டுப் பார்ப்போம். நிலைத்து நிற்கும் அந்த இளைஞன் எப்படி இருந்தான்? அவன் கண் என்ன நிறம்? பெயர் என்ன? பதினான்கு அடிகளிலும் விடை இல்லை. நானூறு ஆண்டுகளுக்கும் மேலாக நிலைத்திருப்பது அவன் முகமன்று. அவனை நேசித்த ஒரு மனத்தின் குரல் மட்டுமே. கவிதை கொடுத்த வாக்கைக் காப்பாற்றியதா, இல்லையா என்பதை வகுப்பில் விவாதிக்கலாம். தேர்வுத் தாளில் ஓரிரு மதிப்பெண்ணுக்கு எழுதிவிட முடியாது.

130ஆம் சானெட்டில் ஷேக்ஸ்பியர் ஆயத்த ஆடையையே கிழித்துப் போடுகிறார். கண்ணைக் கதிரவனுக்கும், இதழைப் பவளத்துக்கும், மூச்சை நறுமணத்துக்கும், குரலை இசைக்கும் ஒப்பிடுவது அக்காலக் கவிஞர்களின் வழக்கம். அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து, என் காதலியிடம் இவை இல்லை என்று மறுத்துக்கொண்டே போகிறார். பன்னிரண்டு அடி வரை அது பழிப்புப் போலவே இருக்கிறது. கடைசி ஈரடியில்தான் திருப்பம்: பொய் உவமைகளால் போர்த்தப்பட்ட எந்தப் பெண்ணுக்கும் இவள் குறைந்தவள் அல்லள். தரையில் கால் பதித்து நடக்கும் ஒருத்தியை, அவள் இருக்கிறபடியே நேசிப்பதற்குப் பொய் தேவையில்லை. இரவல் சொற்களை மறுப்பதன் மூலமே மெய்யைச் சொல்லிவிடும் அரிய கவிதை இது.

திருமணங்களில் விரும்பிப் படிக்கப்படும் 116ஆம் சானெட்டையும் குறிப்பிட வேண்டும். ஆங்கிலத் திருமணச் சடங்கில், இம்மணத்துக்குத் தடை ஏதும் உண்டா என்று பாதிரியார் கேட்பார். அந்தத் 'தடை' என்ற சொல்லையே எடுத்துக்கொண்டு, உண்மையான மனங்கள் இணைவதற்குத் தடை எதையும் ஏற்கமாட்டேன் என்று கவிஞர் தொடங்குகிறார். காதல் புயலிலும் அசையாத கடற்குறி, கப்பல்களுக்கு வழிகாட்டும் விண்மீன், காலத்தின் அரிவாளுக்கும் பணியாதது என்கிறார். ஆனால் இறுதி ஈரடியைக் கவனியுங்கள். இது தவறென்று மெய்ப்பிக்கப்பட்டால் நான் எதையும் எழுதியதே இல்லை என்று பந்தயம் கட்டுகிறார். உறுதியான ஒன்றுக்கு எவரும் இத்தனை ஆணையிடத் தேவையில்லை. அந்தப் பந்தயத்துக்குள் ஒளிந்திருக்கும் அச்சமே இக்கவிதையை மேடைப் பேச்சாகாமல் காப்பாற்றுகிறது.

முகம் காணாத காதல்

ஷேக்ஸ்பியருக்குப் பின் காதல் சானெட் மோகம் தணிந்தது. ஆயினும் ஜான் மில்டனின் ஒரு கவிதையை விட்டுவிட முடியாது. 1652 அளவில் மில்டன் பார்வையை முற்றிலும் இழந்தார். 1656இல் கேத்தரின் வுட்காக் என்பவரை மணந்தார். 1658இல் அவர் இறந்துபோனார். மறைந்த மனைவி வெண்ணிற ஆடையில், முகத்திரையோடு கனவில் வருவதாக மில்டன் ஒரு சானெட் எழுதியுள்ளார். அது கேத்தரினைப் பற்றியது என்றே பலர் கருதுகின்றனர். அப்படியானால் அந்த முகத்தை அவர் ஒருபோதும் கண்டதில்லை. திரைக்குக் காரணமும் விளங்கும். கண், கூந்தல், இதழ் என்ற வாய்பாடு எதற்கும் இங்கு இடமில்லை. அவள் அணைக்கக் குனியும் நேரத்தில் அவர் விழித்துவிடுகிறார். விடிந்த பகல் அவருக்கு மீண்டும் இருளாகிறது.

புகழப்பட்டவள் பேசத் தொடங்கினால்?

லாரா என்ன நினைத்தாள்? ஸ்டெல்லாவின் மனத்தில் என்ன இருந்தது? இந்த மரபில் பெண் பெரும்பாலும் பார்க்கப்படுபவள், பேசுபவள் அல்லள். அதை மாற்றியவர்களில் முன்னோடி சிட்னியின் உடன்பிறந்தார் மகளான லேடி மேரி ரோத். 1621இல் வெளிவந்த அவருடைய சானெட் தொடரில் காதலிப்பவள் பெண். வருணனைக்குரிய அழகனாக ஆண்மகனை அவள் அடுக்கிப் பாடுவதும் இல்லை. தன் மனத்துக்குள்ளேயே அவள் வாதிடுகிறாள். அத்தொடரில் பதினான்கு சானெட்டுகள், ஒன்றின் இறுதி அடியே அடுத்ததன் முதலடியாக வரும்படி கோக்கப்பட்டுள்ளன. நம் அந்தாதியை அறிந்தவர்களுக்கு இம்முறை உடனே பிடிபடும். காதல் என்னும் புதிர்வழியில் எந்தப் பக்கம் திரும்புவது என்ற கேள்வியோடு தொடங்கும் மாலை, அதே கேள்வியில் வந்து முடிகிறது. வெளியேற வழியில்லை என்பதை வடிவமே சொல்லிவிடுகிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் எலிசபெத் பேரட் வந்தார். நோயால் லண்டன் வீட்டில் அறைக்குள் முடங்கியிருந்தவர். அப்போதே புகழ்பெற்ற கவிஞர். 1845 ஜனவரியில், தம்மைவிட ஆறு வயது இளையவரான ராபர்ட் பிரவுனிங்கிடமிருந்து அவருக்கு முதல் கடிதம் வந்தது. இருவரும் 570க்கும் மேற்பட்ட கடிதங்கள் எழுதிக்கொண்டனர். பிள்ளைகள் எவரும் மணம் புரியக்கூடாது என்பது தந்தையின் கட்டளை. 1846 செப்டம்பரில் இருவரும் இரகசியமாக மணந்து இத்தாலிக்குச் சென்றனர். தந்தை கடைசிவரை மகளை மன்னிக்கவே இல்லை. அவர் அனுப்பிய கடிதங்களைப் பிரிக்காமலே திருப்பினார்.

அந்தக் காதல் காலத்தில் எலிசபெத் கமுக்கமாக எழுதிய 44 சானெட்டுகள் 1850இல், போர்த்துகீசிய மொழியிலிருந்து பெயர்க்கப்பட்டவைபோல் தோன்றும் ஒரு தலைப்பில் வெளிவந்தன. சொந்த அனுபவத்தை மறைக்க இட்ட திரை அது. வழக்கமாகச் சொந்தமல்லாததைச் சொந்தம்போல் காட்டுவர். இவரோ சொந்தத்தை இரவல்போல் காட்டினார். அவற்றுள் 14ஆம் சானெட்டில், என் சிரிப்புக்காகவோ பார்வைக்காகவோ பேச்சுக்காகவோ என்னை நேசிக்காதே என்கிறாள் காதலி. அவை மாறக்கூடியவை, அவற்றை நம்பிய காதலும் அவற்றோடு மாறிவிடும். கண்ணீரைத் துடைக்கும் இரக்கத்தால்கூட வேண்டாம். துயரம் தீர்ந்தபின் இரக்கமும் தீர்ந்துவிடும். காதலுக்காகவே காதல் செய் என்பதே அவள் வேண்டுகோள். ஐந்நூறு ஆண்டுகளாகப் புகழுரைகளைக் கேட்டுக்கொண்டிருந்த பெண், முதன்முறையாக அவற்றுக்குப் பதில் சொல்வதுபோல் இருக்கிறது.

1881இல் கிறிஸ்டினா ரோசெட்டி இந்தப் பதிலை இன்னும் வெளிப்படையாக்கினார். 'மொன்னா இன்னோமினாட்டா' என்ற அவருடைய தொடரின் தலைப்புக்குப் 'பெயர் அறியப்படாத பெண்' என்று பொருள். ஒரு சானெட்டுக்குப் பதினான்கு அடிகள் போல, இத்தொடருக்குப் பதினான்கு சானெட்டுகள். ஒவ்வொன்றின் தலைமாட்டிலும் தாந்தே, பெட்ரார்க் ஆகியோரின் வரிகளை வைத்துவிட்டு, அவற்றின் கீழே ஒரு பெண்ணைப் பேச வைக்கிறார். கவிஞர்களால் பாடப்பட்ட பெண்களும் கவிஞர்களாக இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள் என்பதே முன்னுரையில் அவர் எழுப்பும் எண்ணம். காதல் நிறைவேறாமல், மௌனத்தில் இத்தொடர் முடிகிறது. ஆனால் அது பேசிய பிறகு தேர்ந்துகொண்ட மௌனம். லாராவின் மௌனம் போன்றதன்று.

நாம் எப்படிப் படிக்கலாம்?

சானெட் வடிவம் தமிழுக்கும் வந்திருக்கிறது. சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் தமிழ்ப் பேராசிரியராக இருந்த பரிதிமாற் கலைஞர் (1870–1903), 'தனிப்பாசுரத் தொகை'யில் இவ்வடிவத்தைத் தமிழ்ப்படுத்திப் பார்த்தார், ஜி.யு. போப் அதனை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். ஒரு மொழியின் வடிவம் இன்னொரு மொழிக்குப் போவது இழுக்கன்று என்பதற்கு வயட் தொடங்கிப் பரிதிமாற் கலைஞர் வரை சான்றுகள் உள்ளன. கடன் வாங்கிய பாத்திரத்தில் எதை ஊற்றுகிறோம் என்பதே கேள்வி.

சானெட்டைப் படிக்க விரும்பும் நண்பர்கள் மூன்று செயல்களைச் செய்து பார்க்கலாம். முதலாவது, வாய்விட்டுப் படியுங்கள். குரல் அழுந்தும் இடங்கள் செவிக்குத்தான் தெரியும். இரண்டாவது, திருப்பம் எங்கே என்று தேடுங்கள். அதற்கு முன்னும் பின்னும் பேசுகிறவரின் மனநிலை எப்படி மாறுகிறது என்று ஒரு வரியில் எழுதிப் பாருங்கள். மூன்றாவது, இந்தக் கவிதையில் பேசாமல் இருப்பவர் யார், அவர் பேசினால் என்ன சொல்லியிருப்பார் என்று கேளுங்கள். பல்கலைக்கழக நூலகத்தில் இக்கவிதைகளின் நல்ல பதிப்புகள் கிடைக்கும். ஒரு நாளைக்கு ஒரு பாடல் போதும். பதினான்கு அடிகளுக்குப் பேருந்துப் பயண நேரமே மிச்சம்.

காதலைச் சொல்லப் புதுச்சொல் எவரிடமும் இல்லை. ஷேக்ஸ்பியரிடமும் இருக்கவில்லை. எல்லாரும் கைமாற்றிய அதே சொற்களைத்தான் இக்கவிஞர்களும் வாங்கினார்கள். ஆனால் வாங்கியதை அப்படியே திருப்பிக் கொடுக்காமல், இது என் அனுபவத்துக்குப் பொருந்துகிறதா என்று ஒவ்வொரு சொல்லையும் விசாரித்தார்கள், பொருந்தாததை மறுத்தார்கள். அந்த விசாரணையின் நேர்மையைத்தான் நாம் இன்றும் காதல் என்று உணர்கிறோம். அடுத்த முறை ஒருவருக்கு அன்பைச் சொல்ல அழகிய வரி ஒன்றைத் தேடும்போது, அனுப்பும் முன் ஒரு நொடி நின்று, இது அவருக்குப் பொருந்துமா என்று கேட்டுப் பார்ப்போம். அந்தத் தயக்கத்திலிருந்துதான் நல்ல சானெட் பிறந்திருக்கிறது.